எல்டிஓ டேப் படிக்கவில்லை: அறிகுறி பார்த்து மீட்பது எப்படி

"அண்ணே, டேப் போச்சு" என்று நைட் ஷிப்ட் பையன் போன் செய்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: "டேப்தான் போச்சுன்னு யாருப்பா சொன்னா?"

எல்டிஓ என்பது சர்வர் பேக்கப்புக்குப் பயன்படும் காந்த டேப் வகை. பாதிக்கு மேல் கோளாறு டேப்பில் இருக்காது. டிரைவின் ஹெட்டில் (டேப்பைப் படித்து எழுதும் முனை) அழுக்கு, பொருந்தாத தலைமுறைக் கார்ட்ரிட்ஜ், தப்பான பிளாக் அளவு (ஒரே மூச்சில் படிக்கும் தரவுத் துண்டின் அளவு) என்று ஏதோ ஒன்று இருக்கும். மீதித் தடவைகளில் டேப் நிஜமாகவே அடிபட்டிருக்கும். ஆனால் அப்போதும் பெரிய சேதம் முதல் அரைமணி நேரத்தில், காப்பாற்றப் போனவர் கையாலேயே நடந்திருக்கும். அதனால் கீழே உள்ளதை உங்கள் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிப் படியுங்கள். லினக்ஸ் சர்வரில் எல்டிஓ டிரைவ் இருப்பதாக வைத்துச் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், கட்டளையின் கையேடான மேன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எந்த அறிகுறியானாலும் முதலில்

கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைப் பூட்டுப் படம் தெரியும் பக்கம் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் டேப்பை டிரைவுக்குள் விடவே கூடாது. அடுத்து, பேக்கப் மென்பொருளில் அந்த டேப்பைத் தொடும் ஷெட்யூல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். லேபிள் படிக்க முடியாத டேப்பைச் சில மென்பொருள்கள் 'காலி டேப்' என்று எடுத்துக்கொண்டு புது லேபிள் எழுதிவிடும். எழுதிவிட்டால் கதை முடிந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். பார்கோடு, எந்த டிரைவ், பிழைச் செய்தி அட்சரம் பிசகாமல், எத்தனையாவது கோப்புக் குறியில் (ஒரு பேக்கப் முடிந்ததைக் காட்டும் குறி) நின்றது என்று எழுதி வையுங்கள். "ஏதோ ரீட் எரர் வந்துச்சு" என்று வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளே போன வேகத்தில் வெளியே துப்புகிறது

முதலில் தலைமுறையைப் பாருங்கள். பார்கோடின் கடைசி இரண்டு எழுத்து எல்4, எல்5, எல்6 என்று இருக்கும். எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் தன்னுடையதையும் தனக்கு முந்திய இரண்டு தலைமுறைகளையும் படிக்கும். எல்டிஓ-8 இந்தப் பழக்கத்தை முறித்தது. அது 8, 7 இரண்டை மட்டுமே படிக்கும். எல்டிஓ-9 படிப்பதும் 9, 8 மட்டும்தான். புது டிரைவ் வாங்கிய குஷியில் பழைய எல்டிஓ-5 டேப்பைப் போட்டுவிட்டு, டேப் செத்துவிட்டது என்று ரிப்போர்ட் எழுதியவரை எனக்குத் தெரியும். எல்டிஓ-5 டேப்பைப் படிக்க 5, 6, 7 இவற்றில் ஏதாவது ஒரு டிரைவ் வேண்டும்.

தலைமுறை சரியாக இருந்தால் டிரைவின் முகப்பைப் பாருங்கள். ஐபிஎம் டிரைவ்களில் ஒற்றை எழுத்துத் திரை இருக்கும். 'சி' என்றால் சுத்தம் செய்யச் சொல்கிறது. 6 என்றால் டிரைவோ டேப்போ, அதற்கே நிச்சயமில்லை. 7 என்றால் டேப்பின் மேல்தான் அதன் சந்தேகம். 5 வந்தால் டிரைவே பழுது, டேப்பை நோண்டாதீர்கள்.

மற்ற டிரைவ்களிலும் டேப்அலர்ட் என்ற கொடிகளைக் கேட்டு வாங்கலாம். எம்டிஎக்ஸ் தொகுப்போடு வரும் டேப்இன்ஃபோ கட்டளை போதும். மொத்தம் 64 கொடிகள், உங்களுக்கு வேண்டியது சில மட்டும். 20 வந்தால் உடனே சுத்தம் செய். 3, 4, 5 மூன்றும் படிப்பதில் அல்லது டேப்பில் கோளாறு. 13, 14 டேப் அறுந்ததற்கு. 15 வந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிப் பழுது.

15 வந்தால் பதற வேண்டாம். அந்தச் சிப்பில் டேப்பின் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்ற வழிகாட்டி இருக்கிறது, உங்கள் தரவு அதில் இல்லை. சிப் போனால் டிரைவ் தட்டுத்தடுமாறி மெதுவாகத் தேடும். சில நேரம் டேப் முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். எல்டிஓ-5 டேப் ஒன்றின் 1.5 டிபியை நொடிக்கு 140 எம்பி வேகத்தில் ஓட்டவே மூன்று மணி நேரம் ஆகும். தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் பவரை அணைப்பதுதான் இங்கே நடக்கும் குற்றம். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

படிக்க ஆரம்பித்து நடுவில் நிற்கிறது

இதுதான் நிஜமான சேதத்தின் முகம். 'இன்புட் அவுட்புட் எரர்' என்று ஒற்றை வரி வரும். அந்த வரி வருவதற்கு முன்னால் டிரைவ் என்னென்ன செய்திருக்கும் என்று தெரிந்தால் நீங்கள் அடுத்துச் செய்யும் காரியம் மாறும். எல்டிஓ ஒரே நேரத்தில் பல டிராக்குகளில் எழுதுகிறது. 3 முதல் 6 வரை 16 டிராக், 7 முதல் 32. தரவை இந்த டிராக்குகளில் பரப்பி, ரீட்-சாலமன் பிழைதிருத்தத்தை இரண்டு அடுக்காகப் போட்டிருக்கிறார்கள். ஒரு கீறலோ தூசியோ பட்டால் அது தானே சரிசெய்துகொள்ளும், உங்கள் காதுக்கே வராது. எரர் வருகிறது என்றால் டிரைவ் பின்னால் போய், முன்னால் வந்து, பல தடவை முயன்று தோற்ற பிறகு வருகிறது. ஆகவே அதே டிரைவில் அதே இடத்தை உடனே பத்து தடவை படிக்கச் சொல்வதால் லாபமில்லை. டேப் தேய்வதுதான் மிச்சம்.

மாற்ற வேண்டியது சூழ்நிலையை. நான் போகும் வரிசை இது.

கொடி 20 இருந்தால் மட்டும் கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போடுவேன், அதுவும் ஒரு தடவை. அது ஹெட்டைத் தேய்த்துத் துடைக்கும் சாமான். அதிகம் போனால் 50 தடவைக்கு வரும், தீர்ந்துபோனதை டிரைவ் வாங்கிக்கொண்டு அப்படியே துப்பிவிடும். சுத்தம் ஆகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

பிறகு காத்திருத்தல். டேப் வெளியிலிருந்து வந்திருந்தால் சர்வர் அறையில் 24 மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். இது சம்பிரதாயம் இல்லை. எல்டிஓ-5இல் 12.65 மில்லிமீட்டர் அகலத்துக்குள் 1280 டிராக்குகள் இருக்கின்றன, எல்டிஓ-9இல் 8960. வெப்பமும் ஈரமும் மாறினால் பிலிம் அகலத்தில் இம்மி விரிகிறது, சுருங்குகிறது. அந்த இம்மிக்குள் டிராக் நகர்ந்துவிடும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வந்த டேப்பை நேராக டிரைவில் செருகினால் எரர் வராமல் என்ன செய்யும்?

அடுத்து வேறு டிரைவ். முடிந்தால் அந்த டேப்பை எழுதிய அதே டிரைவ். அது தன் ஹெட் கொஞ்சம் கோணலாக இருந்தபோது எழுதியிருந்தால் அந்தக் கோணலோடு படிக்க அதற்குத்தான் தெரியும். டிரைவ் மாற்றியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கடகடவென்று படித்துவிட்ட டேப்புகள் என் கணக்கில் நிறைய.

அதற்கும் மசியவில்லை என்றால், டேப்பை நகர்த்தும் கட்டளையான எம்டியில் ரிடென்ஷன் ஒரு தடவை. டேப்பைக் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றும். கீழே விழுந்து சுற்று தளர்ந்த டேப்புக்கு இது உதவும். டேப் கிழிந்திருக்குமோ, மடிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு சேதமான இடம் அப்படியே இருந்தால், இருப்பதை அள்ளும் வேலை. பேக்கப் மென்பொருளில் ரிஸ்டோர் பட்டனை அழுத்தாதீர்கள். டேப்பில் உள்ளதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்குப் படியெடுங்கள், ஒவ்வொரு கோப்புக் குறிக்கும் தனிக் கோப்பாக, டிடி கட்டளையால். நோண்டுவதெல்லாம் அந்தப் படியில். டிடிரெஸ்க்யூ என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அது நினைத்த இடத்துக்குத் தாவக்கூடிய டிஸ்க்குக்கு எழுதியது, டேப்பில் எடுபடாது. டிடிக்கு 'பிழை வந்தாலும் நிற்காதே' என்று ஒரு விருப்பம் உண்டு. டேப்பில் அதையும் நம்பாதீர்கள். ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கையால் செய்வதுதான் சுத்தம். எரர் வந்ததும் எம்டி டெல் கேளுங்கள், பிளாக் எண் வரும். 41,200 என்று வையுங்கள். எம்டி சீக் போட்டு 42,200க்குப் போங்கள். ஆயிரம் பிளாக், ஒவ்வொன்றும் 256 கேபி என்றால் சுமார் 260 எம்பி தாண்டுகிறோம். அங்கே படிக்கிறதா? அங்கிருந்து கடைசி வரை முதலில் படியெடுத்துவிடுங்கள். நல்ல பகுதி முழுதும் கைக்கு வந்த பிறகு 41,700க்கு வாருங்கள். படித்தால் 41,450. படிக்கவில்லை என்றால் 41,950. இப்படிப் பாதி பாதியாக நெருங்கினால் ஓட்டை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அனுபவத்தில் சொல்கிறேன், முழு டேப்பும் போனது என்று வந்ததில் ஓட்டை சில நூறு எம்பிக்குள் அடங்குவது சகஜம். வரிசை முக்கியம். கெட்ட இடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போது டேப் அறுந்தால், அதற்கப்பால் இருந்த நல்லதும் போய்விடும்.

'மெமரி ஒதுக்க முடியவில்லை' என்கிறது

இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு சர்வருக்கு ராம் வாங்கப் போனவர்கள் உண்டு. டேப்புக்கும் ஒன்றுமில்லை, ராமுக்கும் ஒன்றுமில்லை. டேப்பில் இருக்கும் பிளாக் பெரிது, நீங்கள் நீட்டிய பாத்திரம் சின்னது. கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் டார் கட்டளை தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 10,240 பைட். எழுதியவர் 64 கேபியோ 256 கேபியோ வைத்திருப்பார்.

எம்டி செட்பிளாக் 0 கொடுத்து டிரைவை மாறும் பிளாக் முறைக்கு மாற்றுங்கள். டிடியில் பிளாக் அளவை 1 எம்பி என்று தாராளமாக வைத்து, எண்ணிக்கை 1 கொடுத்து ஒரே ஒரு பிளாக்கைக் கோப்பாக இறக்குங்கள். அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். 262144 என்று வந்தால் எழுதியவர் 256 கேபியில் எழுதியிருக்கிறார். அதையே டாருக்குக் கொடுங்கள். டார் 512 பைட்டை ஒன்றாக எண்ணும், எனவே 512.

அந்த முதல் பிளாக்கை ஒரு ஹெக்ஸ் பார்வையில் திறந்து பாருங்கள், பல புதிர் அவிழும். 257ஆவது பைட்டில் 'யூஸ்டார்' என்ற ஐந்து எழுத்து இருந்தால் டார். அமாண்டா மென்பொருள் எழுதியது என்றால் முதல் 32 கேபியில், என்னை இந்தக் கட்டளை போட்டு மீட்டெடு என்று படிக்கும்படியான எழுத்தில் அதுவே சொல்லியிருக்கும். எல்லா மென்பொருளும் இந்த மரியாதையைக் காட்டியிருந்தால் எனக்கு வேலை பாதியாகியிருக்கும்.

நன்றாகப் படிக்கிறது, ஆனால் பழையது எதையும் காணோம்

எஸ்டி0, என்எஸ்டி0 என்று ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர். முன்னால் 'என்' இல்லாத பெயரைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப் தானே முதலுக்குச் சுற்றிக்கொள்ளும். அடுத்த பேக்கப், முந்தியதன் தலையில் எழுதும். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்து விட்டுப்போனதால் வாரம் முழுக்க எடுத்த பேக்கப்பில் வெள்ளிக்கிழமை மட்டும் மிஞ்சும்.

மேலே சொன்ன 'கதை முடிந்தது' இங்கேதான். புதிதாக எழுதி முடித்ததும் டிரைவ் 'தரவு இத்துடன் முடிந்தது' என்று ஒரு குறி போடுகிறது. அதற்கப்பால் பழைய தரவு பல நூறு மீட்டருக்கு அப்படியே கிடந்தாலும், சாதாரண டிரைவ் அந்தக் குறியைத் தாண்டிப் போக மறுத்துவிடும். எம்டியில் எந்தக் கட்டளைக்கும் அது மசியாது. டிரைவின் உள்மென்பொருளைத் தம் வசப்படுத்தி வைத்திருக்கும் மீட்பு ஆய்வகங்களால் மட்டுமே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியும். புதியது மேலே விழுந்த பகுதி அவர்களாலும் வராது. ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் தாழ்ப்பாளைப் போட்டு டேப்பை வெளியே எடுத்துவிடுங்கள், சோதனை எதுவும் வேண்டாம்.

படியெடுத்தாயிற்று, டார் முரண்டு பிடிக்கிறது

நடுவில் ஓட்டை உள்ள படியைக் கொடுத்தால் டார் 'அடுத்த தலைப்புக்குத் தாவுகிறேன்' என்று சொல்லிவிட்டுத் தாவும். சுருக்காத டார் இதில் தங்கம். ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு தனியாக இருப்பதால், ஓட்டையில் விழுந்த கோப்புகள் மட்டும் போகும், மற்றதெல்லாம் வரும். நடுவில் பூஜ்ஜியமாகக் கிடக்கும் பகுதியை முடிவு என்று எண்ணி நிற்காமல் இருக்க, பூஜ்ஜியங்களைப் பொருட்படுத்தாதே என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஜிப் போட்டுச் சுருக்கியிருந்தால் நிலைமை வேறு. ஓட்டைக்குப் பிறகு வரும் ஓடை முழுதும் முந்தியதைச் சார்ந்தது, அதனால் வழக்கமான முறையில் மிச்சத்தை விரிக்க முடியாது. பிஜிப்2 பரவாயில்லை. அது அதிகபட்சம் 900 கேபி கட்டங்களாகத் தனித்தனியே சுருக்கும், நல்ல கட்டங்களைப் பொறுக்க பிஜிப்2ரெகவர் என்றே ஒரு கருவி இருக்கிறது. டிரைவே செய்யும் ஹார்ட்வேர் சுருக்கத்துக்கு இந்தத் தலைவலி இல்லை. சேதத்தைத் தாண்டி உட்கார்ந்தால் அது விரித்தே கொடுக்கும். எனவேதான் டேப்புக்குப் போகும் தரவை நான் ஜிஜிப் செய்ய விடுவதில்லை.

பெரிய நிறுவன மென்பொருள்கள் பல சர்வர்களின் தரவைக் கலந்து எழுதும். அதை டாரால் பிரிக்க முடியாது. அதே மென்பொருளின் கேட்டலாக் இம்போர்ட் (டேப்பைப் படித்து உள்ளடக்கப் பட்டியலைத் திரும்பக் கட்டும் வசதி) வழியாகத்தான் போக வேண்டும். எல்டிஓ-4 முதல் டிரைவிலேயே 256 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் உண்டு. சாவி தொலைந்தது என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள்.

கீழே விழுந்தது

குலுக்கிப் பார்க்காதீர்கள். மேசை விளக்கின் கீழ் பிடித்து, ஓரத்தில் இருக்கும் சின்னக் கதவை நகத்தால் பின்னுக்குத் தள்ளுங்கள். உள்ளே ஓர் ஓரமாக, குண்டூசியை விடக் கொஞ்சம் பருமனான இரும்புக் குச்சி இரண்டு கவ்விகளுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். டேப்பின் நுனி அதில் மாட்டியிருக்கும். டிரைவ் அந்தக் குச்சியைப் பிடித்துத்தான் டேப்பை வெளியே இழுக்கிறது. எல்டிஓ கார்ட்ரிட்ஜில் ஒரே சக்கரம், இன்னொரு சக்கரம் டிரைவுக்குள் இருக்கிறது. குச்சி சாய்ந்திருந்தால் நுனி மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியால் இரண்டு முனையும் கவ்வியில் 'டிக்' என்று உட்காரும்வரை தள்ளலாம். பிலிமில் விரல் படக் கூடாது, எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

குச்சியே இல்லை, நுனி உள்ளே போய்விட்டது என்றால் அதைத் திரும்ப மாட்டும் கிட் கிடைக்கிறது. அதை முதலில் வேண்டாத டேப் ஒன்றில் பழகுங்கள். கார்ட்ரிட்ஜ் விரிசல் விட்டிருந்தாலோ உள்ளே ஏதோ கலகலத்தாலோ டிரைவில் போடாதீர்கள். அறுந்த டேப்பைச் செல்லோ டேப்பால் ஒட்டிப் போடுவது, ஒரு டேப்போடு ஒரு டிரைவையும் சேர்த்துக் கொல்லும் வழி.

நனைந்தது

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம் பக்கம் ஓர் அலுவலகத்தின் தரைத்தளத்தில் இரண்டு பெட்டி டேப் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் நல்ல மனதோடு ஒருவர் ஒரு பெட்டியை மொட்டைமாடியில் வெயிலில் பரப்பினார். இன்னொரு பெட்டி மறந்துபோய், ஈரத்தோடேயே பாலித்தீன் பையில் கிடந்தது. பின்னால் அதிகம் படித்தது மறந்துபோன பெட்டிதான். சேறு ஈரமாக இருக்கும்வரை கழுவினால் போய்விடும். காய்ந்தால் பிலிமின் சுற்றுகளுக்கு நடுவில் உப்புத்தாள் போல ஒட்டிக்கொள்ளும்.

வெயில், ஹேர் டிரையர், ஃபிரீசர் மூன்றும் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரோடு பையில் போட்டு, ஓரிரு நாளில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எழுபது, எண்பதுகளின் சுருள் டேப்புகளைச் சுமார் 50 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு எடுக்கும் வித்தையை எங்காவது படித்திருப்பீர்கள். அது ஈரம் குடித்துப் பிசுபிசுத்த பசைக்கான வைத்தியம். எல்டிஓவுக்கு வேண்டாம்.

காந்த அழிப்பான் பக்கத்தில் வைத்துவிட்டேன் என்கிறவர்களுக்கு: எல்டிஓ பிலிமில் ஹெட்டுக்கு வழிகாட்டும் சர்வோ கோடுகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டவை. அவை அழிந்தால் எந்த டிரைவாலும் திரும்ப எழுத முடியாது.

டேப் இருக்கிறது, டிரைவ் இல்லை

1966, 67இல் சந்திரனைப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களின் டேப்புகளை நாசா பத்திரமாக வைத்திருந்தது. படிக்க வேண்டிய ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 டிரைவ்களோ, அங்கே ஆவணக் காப்பாளராக இருந்த நான்சி எவன்ஸின் வீட்டில் வருஷக்கணக்காகக் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து, நாசாவின் ஏம்ஸ் மையத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் வைத்துப் பழுதுபார்த்து, 2008இல் பூமி உதிக்கும் படத்தைத் திரும்ப எடுத்தார்கள். டேப்பை விட டிரைவோடுதான் அவர்களுக்குப் போராட்டம்.

உங்கள் அலமாரியில் டிடிஎஸ், கியூஐசி போன்ற பழைய டேப் வகைகள் இருந்தால் இதே கதைதான். கியூஐசி டிரைவில் ரப்பர் உருளை வெல்லப்பாகு மாதிரி இளகியிருக்கும், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ரப்பர் பட்டையும் தொட்டால் அறும். பட்டையையும் உருளையையும் மாற்றாமல் பவர் கொடுக்காதீர்கள்.

மீட்டு முடித்த பிறகு டிரைவை என்ன செய்வது

அடிபட்ட டேப் ஹெட்டில் துகளை விட்டுவிட்டுப் போகும். அந்த ஹெட் அடுத்த நல்ல டேப்பைக் கீறும், அந்த டேப் அடுத்த டிரைவைக் கெடுக்கும். பல டிரைவ்கள் உள்ள ஒரு டேப் லைப்ரரியில் இது தொற்று மாதிரி பரவியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எந்த டிரைவில் எந்த டேப் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் மூன்று நாள் தேடினோம். மீட்டு முடித்ததும் அந்த டிரைவை லைப்ரரியில் ஆஃப்லைன் ஆக்குங்கள். ஒரு தடவை கிளீனிங் கார்ட்ரிட்ஜ். பிறகு போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு டேப்பில் சில நூறு ஜிபி எழுதி, அதை வேறொரு டிரைவில் படித்துப் பாருங்கள். கொடி எதுவும் எழவில்லை என்றால் நோட்டில் தேதி போட்டு, டிரைவை ஆன்லைன் ஆக்குங்கள்.